நெஞ்சு வலிக்கும் தோட்டத்து மக்களுக்காக: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மலேசிய சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், இருதய சிகிச்சைச் சேவைகளைத் திட்டமிடும் அமைச்சின் அதிகாரிகளுக்கும், பேரா மாநிலச் சுகாதார இலாகாவுக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அரசாங்க கிளினிக்குகளில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் தகப்பனார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவர். அதனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு இருதய ரத்தக் குழாய்களை சி.டி. ஸ்கேனில் படம் எடுத்து, அந்தப் படத்தைக் கொண்டே அடைப்புக்கு அப்பால் ரத்தம் போதுமான அளவு போகிறதா என்று கணினியில் கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. அதை அரசு மருத்துவமனைகளின் வழக்கமான பரிசோதனைகளில் ஒன்றாக்குங்கள். அப்படிச் செய்யும்போது எங்களைப் போன்ற தோட்டப் பட்டணங்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளாதீர்கள்.

எங்களுக்கு ஏன் இந்த அவசரம் என்பதை உங்கள் அமைச்சின் புள்ளிவிவரமே சொல்லும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. மருத்துவர் சான்றளித்த மரணங்களில் பெரும்பாலான ஆண்டுகளில் இருதய ரத்தக் குழாய் நோய்தான் முதல் காரணமாக இருந்து வருகிறது. அதுவும் தெற்காசிய வம்சாவளியினருக்கு இந்த நோய் சீக்கிரமே வந்துவிடுகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் அது ஏறக்குறைய 59. பிள்ளைகள் படித்து முடிப்பதற்குள், வீட்டுக் கடன் அடைவதற்குள் வந்து நிற்கும் வயது அது. மிக இளம் வயதிலேயே போய்விட்ட ஒருவர் இல்லாத குடும்பம் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அரிது.

இங்கே ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முதலில் அது வாயு. அப்புறம் காஸ்திரிக். இஞ்சி, ஓமத் தண்ணீர், கடையில் வாங்கிய மாத்திரை என்று சில நாள் ஓடும். பெண்களுக்கு இன்னும் மோசம். அவர்களுக்குப் பல சமயம் நெஞ்சில் பாரம் என்று வருவதில்லை. மூச்சு வாங்குகிறது, தாடை இழுக்கிறது, முதுகு வலிக்கிறது, நாலு அடி நடந்தால் அசதி என்றுதான் வரும். வேலை செய்த களைப்பு என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். கேட்கிறவர்களும் அப்படியே எழுதி அனுப்பிவிடுவார்கள். கடைசியில் கிளினிக்குக்கு வந்தால் 1 ரிங்கிட் கட்டணம், ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. சுத்தமாக இருக்கும். சுத்தமாக இருந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. ஆகவே பெரிய மருத்துவமனைக்குக் கடிதம்.

அங்கே அடுத்த கட்டமாக டிரெட்மில்லில் நடக்கச் சொல்வார்கள். இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, ஈர நிலத்தில் மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளி சுமந்து, பிறகு செம்பனை வந்ததும் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கி வாழ்ந்த மக்கள் இவர்கள். ஐம்பது வயதுக்கு மேல் முட்டி நன்றாக இருப்பவர்களை எண்ணிவிடலாம். இருதயத் துடிப்பு தேவையான அளவுக்கு ஏறும் முன்பே கால் நின்றுவிடும். அறிக்கையில் 'முடிவு தெளிவில்லை' என்று வரும். தெளிவில்லை என்றால் ஆஞ்சியோகிராம். மணிக்கட்டிலோ தொடையிலோ ரத்தக் குழாய் வழியே வயர் விட்டு இருதயம் வரை போய்ப் பார்ப்பது.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நாள் சம்பளம் போகிறது, கூட வருகிறவருக்கும் போகிறது. வேலைச் சட்டத்தில் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். குத்தகைக்காரரிடம் நாள் கூலிக்கு இருப்பவர் கையில் அந்த விடுப்பு எந்த அளவுக்குக் கிடைக்கிறது என்பதைத் தோட்டத்துப் பக்கம் வந்து கேட்டால் தெரியும்.

இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அக்கா. மேலே சொன்ன எல்லாக் கட்டத்தையும் தாண்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, பயந்து பயந்து ஆஞ்சியோவுக்குப் போனார். ஒரு குழாயில் பாதி அளவு சுருக்கம், குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் தேவையில்லை, மாத்திரை போதும் என்று அனுப்பினார்கள். அது நல்ல செய்திதான். ஆனால் அந்தக் காத்திருப்பில் மாத்திரையை ஒழுங்காக ஆரம்பிக்கவில்லை, வேலை வேறொருவருக்குப் போய்விட்டது, பாரம் தூக்கினால் உயிர் போய்விடும் என்ற அச்சம் வீடு முழுவதும் பரவிவிட்டது. இன்னொருவர் எங்கள் தாமான்காரர், முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி. "வயர விட்டாங்கன்னா நான் திரும்பி வரமாட்டேன்" என்று தேதி கொடுத்தும் போகவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பிறகு அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்தார், ஆனால் இருதயம் பலவீனமாகிவிட்டது, தொழுகை இடமான சூராவ் மூலை வரை நடப்பதற்குள் இரண்டு முறை நிற்கிறார். தேவையில்லாதவர் போனார், தேவைப்பட்டவர் போகவில்லை. யாருக்குத் தேவை என்பதை வயர் விடாமலே முன்கூட்டிச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

இப்போது அந்த முறைக்கு வருகிறேன். இதில் அதிகாரிகளுக்குத் தெரிந்ததே நிறைய இருக்கும். ஆனால் இந்த மடலை எங்கள் மக்களும் படிப்பார்கள், அவர்களுக்காகவும் சொல்கிறேன்.

குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது ஒன்று. அந்தச் சுருக்கத்தால் இருதயத் தசைக்கு ரத்தம் குறைகிறதா என்பது வேறொன்று. பழைய லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தண்ணீர்க் குழாய் எப்படி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். நடுவில் எங்காவது குழாய் நசுங்கியிருக்கலாம். கடைசி வீட்டில் தண்ணீர் நன்றாக வந்தால் அதைத் தோண்டி மாற்ற வேண்டியதில்லை. அங்கே சொட்டுச் சொட்டாக வந்தால்தான் மாற்ற வேண்டும். டாக்டர்கள் இதை எஃப்.எஃப்.ஆர். என்ற எண்ணால் அளக்கிறார்கள். ஆஞ்சியோவின்போது அழுத்தம் அளக்கும் மெல்லிய வயர் ஒன்றை அடைப்பைத் தாண்டி விட்டு, மருந்து கொடுத்து ரத்த ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய், அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை ஒப்பிடுவார்கள். 1 என்றால் தடையே இல்லை. 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்த அடைப்பு தசையைப் பட்டினி போடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கண்ணால் பார்ப்பதை மட்டும் நம்பினால் எவ்வளவு தவறலாம் என்பதை 2009இல் வெளிவந்த ஃபேம் ஆய்வு காட்டியது. 1,005 நோயாளிகள். படத்தில் 50 முதல் 70 விழுக்காடு சுருக்கம் என்று தெரிந்த அடைப்புகளை அளந்து பார்த்தபோது, அவற்றில் 35 விழுக்காடுதான் உண்மையில் ரத்த ஓட்டத்தைக் குறைத்தன. 71 முதல் 90 விழுக்காடு வரை சுருங்கியவற்றிலும் ஐந்தில் ஒன்று தொந்தரவு செய்யவில்லை. எண்ணைப் பார்த்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, படத்தை மட்டும் பார்த்து வைத்தவர்களைவிட ஒரு வருடத்தில் மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை ஆகியவை குறைவாகவே வந்தன: 18.3 விழுக்காட்டுக்குப் பதில் 13.2.

இதே எண்ணை வயர் இல்லாமல், சி.டி. படத்திலிருந்தே கணக்கிட முடியும் என்பதுதான் பிறகு வந்த முன்னேற்றம். கையில் ஒரு ஊசி, அதில் சாய மருந்து, நாக்குக்கு அடியில் குழாயை விரிக்கும் மருந்து, துடிப்பை மெதுவாக்க ஒரு மாத்திரை, மூச்சைப் பிடித்துச் சில விநாடிகள். அவ்வளவுதான் நோயாளி செய்ய வேண்டியது. அந்தப் படத்திலிருந்து கணினி அவருடைய குழாய்களை முப்பரிமாண மாதிரியாகக் கட்டுகிறது. தசையின் அளவை வைத்து எவ்வளவு ரத்தம் தேவை என்று மதிப்பிட்டு, திரவம் ஓடும் விதிகளின்படி ஒவ்வொரு இடத்திலும் அழுத்தம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ஹார்ட்ஃப்ளோ என்ற முறைக்கு 2014இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. 2017இல், எந்தச் சிகிச்சை முறை பயன் தரும் என்று மதிப்பிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு அதைப் பரிந்துரைத்தது. 2021இல் வந்த அமெரிக்க நெஞ்சு வலி வழிகாட்டுதலில், சி.டி. படத்தில் 40 முதல் 90 விழுக்காடு வரை சுருக்கம் தெரிந்தால் இந்தக் கணக்கீட்டைச் செய்வது நியாயமானது என்று சேர்த்திருக்கிறார்கள்.

பலன் என்ன? ஐரோப்பாவில் 584 பேரை வைத்து நடந்து 2015இல் வெளியான பிளாட்ஃபார்ம் ஆய்வில், ஆஞ்சியோவுக்கு என்று முடிவாகி நேரே போனவர்களில் 73 விழுக்காட்டினருக்குப் பெரிய அடைப்பே இல்லை. முதலில் சி.டி.யும் தேவைப்பட்டால் கணக்கீடும் செய்த பிரிவில், அப்படி வீணாக ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள் 12 விழுக்காடு. அந்தப் பிரிவில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆஞ்சியோவே ரத்தானது. சீனாவில் 6 மருத்துவமனைகளில் 1,216 பேரை வைத்து நடந்து 2023இல் வெளியான ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அங்கே படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. மருத்துவமனையின் சொந்தக் கணினியிலேயே கணக்குப் போட்டார்கள். அடைப்பு இல்லாமலோ சிகிச்சை தேவைப்படாமலோ ஆஞ்சியோ செய்துகொண்டவர்களின் பங்கு 46 விழுக்காட்டிலிருந்து 28ஆகக் குறைந்தது. நம்மால் முடியாத காரியம் இல்லை இது.

இந்த முறையை மிகைப்படுத்திச் சொல்லி உங்களை இணங்க வைக்க எனக்கு விருப்பமில்லை. இங்கிலாந்தின் 27 மருத்துவமனைகளில் 90,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை வைத்து 2025இல் வெளியான ஆய்வில், இந்தக் கணக்கீடு வந்ததால் மரணங்கள் குறையவில்லை. குறைந்தவை ஆஞ்சியோக்களும் அடுத்தடுத்த பரிசோதனைகளும்தான். 1,400 பேரை வைத்து நடந்த ஃபோர்காஸ்ட் ஆய்வில் செலவும் குறிப்பிடும்படி குறையவில்லை. உயிரைக் காப்பதில் பெரிய பங்கு சி.டி. படத்துக்கும் அதைப் பார்த்து ஆரம்பிக்கும் மருந்துக்கும் உரியது. ஸ்காட்லாந்தில் 4,146 பேரை ஐந்து வருடம் கவனித்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு சி.டி.யும் எடுத்தவர்களில் இருதய மரணமோ மாரடைப்போ 3.9 விழுக்காட்டிலிருந்து 2.3ஆகக் குறைந்தது. படத்தில் கொழுப்புப் படிவைக் கண்டு சரியான மருந்தைச் சரியான ஆளுக்குக் கொடுத்ததுதான் காரணம் என்று கருதப்படுகிறது. சி.டி. மருந்துக்கு வழி காட்டுகிறது, கணக்கீடு வீண் அலைச்சலையும் வீண் பயத்தையும் தடுக்கிறது. லண்டனில் வீட்டுக்குப் பக்கத்தில் மருத்துவமனை வைத்திருப்பவருக்கு இரண்டாவது சிறிய விஷயமாக இருக்கலாம். தினக்கூலிக்கு அது சிறியதல்ல.

குறைபாடுகளும் உண்டு. சுண்ணாம்பு அதிகம் படிந்த குழாய்களில் படம் தெளிவாக வராது. துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கும் அப்படித்தான். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தாது. சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இனிப்பு நீர் அதிகமுள்ள எங்கள் மக்களில் பலருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், அதனால் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் யாரையும் ஸ்கேனுக்கு ஏற்றக் கூடாது. இன்னொன்று, பெரிய குழாய்கள் நன்றாக இருந்தும் நுண்ணிய குழாய்களின் கோளாறால் வலி வருவது உண்டு, பெண்களுக்கு அதிகமாகவே. இந்தக் கணக்கீடு அதைக் காட்டாது. எண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒரு பெண்ணை மறுபடியும் 'காஸ்திரிக்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

எங்கள் மக்களுக்கும் ஒரு வார்த்தை. திடீரென்று நெஞ்சு இறுகி, வியர்த்துக் கொட்டி, இடது கையோ தாடையோ இழுத்தால் ஸ்கேனும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். 999க்கு அழையுங்கள். மகன் மோட்டாரில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் இங்கே பேசுவதெல்லாம் நடந்தால் வந்து, உட்கார்ந்தால் போகும் வலியைப் பற்றித்தான்.

மதிப்பிற்குரிய அதிகாரிகளே, படம் பயணம் செய்யலாம் என்பதுதான் இந்த முறையில் எங்களுக்குப் பெரிய வரம். சி.டி. ஓரிடத்தில் எடுக்கலாம், கணக்கு வேறிடத்தில் போடலாம், முடிவை இருதய நிபுணர் மூன்றாவது இடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். நோயாளி வர வேண்டியது ஒரே ஒரு நாள். ஆகவே மாநிலத்துக்கு ஒரு மருத்துவமனையிலாவது இந்தக் கணக்கீட்டு வசதியை அமையுங்கள். இருதயத்தைப் படம் எடுக்கக்கூடிய சி.டி. இருக்கும் சிறிய மருத்துவமனைகளை அதோடு இணையுங்கள். இணைப்பதற்கு முன் ரேடியோகிராபர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், ஏனென்றால் மங்கலான படத்திலிருந்து எந்தக் கணினியும் நல்ல எண்ணைத் தராது. முட்டி போனவர்களை டிரெட்மில்லுக்கு அனுப்பி ஒரு மாதத்தை வீணாக்காமல் நேரே சி.டி.க்கு அனுப்பும்படி கிளினிக்குகளுக்கு உத்தரவு கொடுங்கள். படங்கள் வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போவதானால் நோயாளியின் பெயரும் விவரமும் நாட்டைவிட்டுப் போகாமல் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முடிந்தால் நம் மண்ணிலேயே கணக்குப் போடும் மென்பொருளை வாங்குங்கள். தேசிய இருதய நோய்ப் பதிவேட்டில் இந்தப் பரிசோதனை செய்துகொள்கிறவர்களின் விவரங்களையும் தனியாகக் குறித்து வையுங்கள். தோட்டத்து மக்களுக்கு இது உண்மையிலேயே உதவியதா என்று சில வருடங்களில் நமக்கே தெரிந்துவிடும்.

தனியார் மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். இருதய சி.டி. மட்டுமே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்துவிடும். அந்த மாதம் வீட்டில் என்ன சமைப்பது?

முடிவைச் சொல்லும் விதமும் முக்கியம். இந்தக் கணக்கீடு வரும்போது வண்ணப் படமாக வரும். எந்தக் குழாயில் எங்கே அழுத்தம் இறங்குகிறது என்று நிறத்தில் தெரியும். அதை நோயாளிக்குக் காட்டி, தமிழில் நாலு வரி விளக்கிச் சொல்ல ஒருவர் அங்கே இருக்கட்டும். எங்கள் தாமான்காரர் அன்று ஆஞ்சியோவுக்குப் போகாததற்குக் காரணம் பிடிவாதமில்லை. அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. காட்டியிருந்தால் நிச்சயம் போயிருப்பார் என்று நான் சொல்ல முடியாது, ஆனால் அவரிடம் பேச என் கையில் ஒன்று இருந்திருக்கும். ஸ்டென்ட் வேண்டாம் என்று அனுப்பப்படுகிறவர்களுக்கும் இதே விளக்கம் வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை ஏன் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும் என்று புரியாவிட்டால் இரண்டாவது மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். இதை எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன்.

அமைச்சு இதை முதலில் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கத்தான் விரும்பும். சரி, அதுவே முறை. அந்தச் சோதனைத் திட்டத்தைக் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மட்டும் வைத்து முடித்துவிடாமல் ஒரு தோட்டப் பட்டணத்தையும் அதில் சேருங்கள். சுங்கை சிப்புட்டைச் சேர்த்தால் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டு, நெஞ்சு வலி உள்ளவர்களின் பட்டியலை எடுத்துத் தரவும், சிறுநீரகப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க உதவவும், ஸ்கேன் நாளில் அவர்களை வேன் வைத்து அழைத்து வரவும் ஓய்வு பெற்ற மருத்துவ உதவியாளர்களும் தாதியரும் இங்கே இருக்கிறோம். கூலி வேண்டாம். எந்த மாதத்தில் ஆரம்பிக்கலாம் என்று பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேரா